கொவால்ஸ்கி என்றால் கொல்லரா?

கேள்வி இதுதான்: உடன் வேலை பார்க்கும் போலந்துக்காரர் ஒருவரின் குடும்பப் பெயர் கொவால்ஸ்கி. விருந்துக்கு வந்த அவர் மனைவி தன் பெயரைக் கொவால்ஸ்கா என்று சொல்லியிருக்கிறார். இரண்டில் எது சரி? இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்? இணையத்தில் எங்கே பார்த்தாலும் கொவால்ஸ்கிகளாக இருக்கிறார்களே, எல்லோரும் ஒரே வம்சமா? நம் ஊரில் ஆசாரி என்று சொல்வதுபோல ஏதாவது சாதிப் பெயரா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே சரி. கணவர் கொவால்ஸ்கி, மனைவி கொவால்ஸ்கா. ஒரே பெயரின் ஆண்பாலும் பெண்பாலும். ‘கொவால்’ என்றால் போலிஷ் மொழியில் இரும்புக் கொல்லர். சாதிப் பெயர் இல்லை, ஒரே வம்சமும் இல்லை. ஆனால், பெயரில் கொல்லர் இருப்பதாலேயே உங்கள் நண்பரின் கொள்ளுத்தாத்தா சம்மட்டி பிடித்தவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இணையத்தில் இருக்கும் பெயர் விளக்கப் பக்கங்கள் பெரும்பாலும் ‘கொவால்ஸ்கி = கொல்லர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த ஒரு வரி பாதிதான் உண்மை. மீதிப் பாதி, பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ஸ்கி’யில் இருக்கிறது.

போலந்தில் மிக அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர் நொவாக். ஏறத்தாழ 2 லட்சம் பேர். ஊருக்குப் புதிதாக வந்தவர் என்று பொருள். அதற்கு அடுத்த இடம் கொவால்ஸ்கிக்கு, ஆண் பெண் இருபாலும் சேர்த்து ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். ஆனால் ‘போலந்துக்காரர் பெயர் ஒன்று சொல்’ என்றால் உலகம் முழுவதும் முதலில் வாயில் வருவது கொவால்ஸ்கிதான். போலந்திலேயே அப்படித்தான். அந்த விஷயத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். பழைய ஸ்லாவிய மொழியில் ‘கொவாத்தி’ என்றால் இரும்பை அடித்து உருவாக்குவது. அந்த வேரிலிருந்து போலிஷில் ஒரு பெரிய குடும்பமே கிளைத்திருக்கிறது: பட்டறைக்கல்லுக்குக் கொவாத்வோ, குதிரை லாடத்துக்குப் பொட்கொவா, கால்விலங்குக்கு ஒகொவி, கொல்லுப்பட்டறைக்குக் குஷ்னியா. அக்கம்பக்கத்து மொழிகளிலும் இதே வேர்தான். செக் மொழியில் கொவார்ஷ், உக்ரைனில் கொவால், குரோவேஷியாவில் கொவாச். ஹங்கேரிய மொழி ஸ்லாவியக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. ஆனாலும் கொல்லருக்கு உரிய சொல்லை ஸ்லாவியரிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டது. அங்கே மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்றான கொவாச் அப்படி வந்ததுதான். கொவால், கொல்லன் இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கிறதே என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: தற்செயல். ஸ்லாவியச் சொல்லின் வேர் ‘கொவ்’. ‘ஆல்’ பின்னால் வந்து ஒட்டிய விகுதி. லத்தீனிலும் ஜெர்மனிலும் அதற்குச் சொந்தக்காரச் சொற்கள் உண்டு, தமிழில் இல்லை.

ஐரோப்பாவில் கொல்லர் பெயர் இல்லாத நாடே இல்லை என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் ஸ்மித், ஜெர்மனில் ஷ்மிட், இத்தாலியில் ஃபெராரி, பிரெஞ்சில் லெஃபெவ்ர், ரஷ்யாவில் குஸ்னெத்சோவ். காரணம் எளிது. கிராமத்தில் உழவர்கள் நூறு பேர் இருப்பார்கள். யான் என்பது போலந்தில் சாதாரணமான ஆண் பெயர். ‘உழவர் யான்’ என்று சொன்னால் யாரென்று தெரியாது. கொல்லர் ஒருவர்தான் இருப்பார். ‘கொல்லர் யான்’ என்றால் ஊருக்கே தெரியும். கொழு அடிக்க, லாடம் கட்ட, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போட எல்லோரும் அவரிடம்தான் போயாக வேண்டும். மர வீடுகள் நிறைந்த ஊர் என்பதால் தீப்பயத்துக்காகப் பட்டறையை ஊர் ஓரத்தில் வைத்திருப்பார்கள். பண்ணை வீட்டின் இரும்பு வேலையைப் பார்ப்பதற்குப் பதிலாகப் பல இடங்களில் அவருக்கு வாரந்தோறும் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலையிலிருந்து விலக்கும் கிடைத்தது. அந்தக் காலத்தில் அது சின்னச் சலுகை இல்லை.

சரி, அப்படியானால் பெயர் ‘கொவால்’ என்றே நின்றிருக்க வேண்டும். கொவால் என்ற குடும்பப் பெயரும் போலந்தில் உண்டு. ‘ஸ்கி’ எங்கிருந்து வந்தது?

‘ஸ்கி’ என்பது பெயரடை விகுதி. ‘அதைச் சேர்ந்த’, ‘அவ்விடத்து’ என்று பொருள் தரும். நாம் மதுரைக்காரர், தஞ்சாவூர்க்காரர் என்று சொல்வதற்குப் பக்கத்தில் வரும். 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் போலந்தின் பிரபுக்கள் தங்கள் கையில் இருந்த ஊரின் பெயரோடு தங்களை அடையாளப்படுத்திக்கொண்டார்கள். முதலில் ‘இன்ன ஊர் யான்’ என்று எழுதினார்கள். லத்தீன் ஆவணத்தில் ‘தே’ போட்டு ஊர்ப் பெயர் வரும். பிறகு அதுவே ‘ஸ்கி’ ஆகிவிட்டது. லெஷ்னோ ஊரை உடையவர்கள் லெஷ்ச்சின்ஸ்கி, ஸமோஷ்ச் ஊரை உடையவர்கள் ஸமோய்ஸ்கி. 1683-இல் வியன்னாவை முற்றுகையிட்ட துருக்கியப் படையை முறியடித்த மன்னர் யான் சொபியெஸ்கியின் குடும்பப் பெயரும் சொபியெஷின் என்ற ஊரிலிருந்து வந்ததுதான். ஆக, ‘ஸ்கி’யின் முதல் வேலை தொழிலைச் சொல்வது அல்ல, ஊரைச் சொல்வது.

இந்தக் கணக்கில் பார்த்தால் கொவால்ஸ்கி என்பவர் ‘கொல்லர்’ அல்ல. ‘கொவால் அல்லது கொவாலே என்ற ஊரைச் சேர்ந்தவர்’. அப்படி ஊர்கள் இருக்கின்றனவா? தாராளமாக. போலந்தின் குயாவிப் பகுதியில் கொவால் என்றே ஒரு சிற்றூர் உண்டு. அது லேசுப்பட்ட ஊர் இல்லை. போலந்தை மர வீடுகளோடு வாங்கிக் கல் கட்டடங்களோடு விட்டுப்போனவர் என்று போலந்துக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லும் மன்னர் மகா கஸிமிர் 1310-இல் பிறந்தது அங்கேதான். கிராகோவ் பல்கலைக்கழகத்தை 1364-இல் நிறுவியவர் அவர். அந்த ஊரைச் சார்ந்த எதையும் போலிஷில் ‘கொவால்ஸ்கி’ என்றுதான் சொல்ல வேண்டும், இலக்கணம் அப்படி. கொவாலே என்ற பெயரிலோ நாட்டின் பல மூலைகளில் கிராமங்கள் உண்டு. வடகிழக்கில் மசூரிய ஏரிப் பகுதியில் கொவாலே ஒலெத்ஸ்கியே, நடுப் போலந்தில் துரெக் பக்கம் கொவாலே பான்ஸ்கியே, வடக்கே க்தான்ஸ்க் நகரை ஒட்டி வெறும் கொவாலே.

இத்தனை கொவாலே ஏன் என்பதில்தான் எனக்கு இந்தப் பெயரின் மிகச் சுவையான பகுதி இருக்கிறது. கொவாலே என்பது ‘கொவால்’ என்பதன் பழைய பன்மை: ‘கொல்லர்கள்’. பியாஸ்ட் வம்சத்து மன்னர்கள் போலந்தை ஆளத் தொடங்கிய 10-ஆம் நூற்றாண்டிலிருந்து ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டு வரை அங்கே ஓர் ஏற்பாடு இருந்தது. பணப் புழக்கம் குறைவு, சந்தையும் அவ்வளவாக வளரவில்லை. கோட்டைக்கு வேண்டியதை விலை கொடுத்து வாங்க முடியாது. எனவே கோட்டையைச் சுற்றிய ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வேலை ஒதுக்கினார்கள். ஒரு கிராமம் முழுக்க இரும்பு வேலை செய்து தர வேண்டும், அது கொவாலே. கேடயம் செய்து தரும் கிராமம் ஷ்சித்னிகி. ஈட்டி முனை, அம்பு முனைக்கு க்ரொத்னிகி. ரொட்டி சுடுபவர்கள் பியெகாரி, சமையற்காரர்கள் குஹாரி, திராட்சைத் தோட்டக்காரர்கள் வினியாரி. வேட்டைக்கு வல்லூறு பழக்குபவர்கள் சொகொல்னிகி. நீர்நாய்போல ஆற்றில் வாழும் பீவர் என்ற பிராணியைக் காப்பவர்கள் பொப்ரொவ்னிகி. அரசரின் வேட்டை நாய்களைப் பார்த்துக்கொள்பவர்கள் ப்ஸாரி. நாய்களுக்காக ஒரு கிராமம்!

13-ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்த ஏற்பாடு கரைந்துபோனது. நகரங்களும் சந்தைகளும் வளர்ந்தன. ஜெர்மானியச் சட்ட முறையில் புதிய குடியேற்றங்கள் வந்தன. கோட்டைக்கு வேண்டியதைக் காசு கொடுத்து வாங்க முடிந்தது. கொவாலேக்காரர்கள் மற்றவர்களைப்போலவே ரை என்ற தானியமும் கோதுமையும் விதைக்கத் தொடங்கினார்கள். ஊர்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. இருநூறு ஆண்டு கழித்து அந்த ஊரை ஒரு பிரபு வாங்கி, ஊர்ப் பெயரால் கொவால்ஸ்கி ஆகிறார். அவர் பரம்பரையில் ஒருவர்கூட உலைக்களத்துப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதே ஊரிலிருந்து ஒரு குடியானவர் வேறு ஊருக்குப் போய் அங்கே ‘கொவாலேயிலிருந்து வந்தவன்’ என்று பெயர் வாங்கியிருந்தாலும் நிலைமை இதேதான். பியெகார்ஸ்கி, குஹார்ஸ்கி போன்ற பெயர்களிலும் இந்த இரட்டைத்தன்மை உண்டு. ரொட்டி சுடுபவரின் வீட்டார் பியெகார்ஸ்கி ஆகியிருக்கலாம், பியெகாரி ஊர்க்காரரும் ஆகியிருக்கலாம். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரபுக் குடும்பக் கொவால்ஸ்கிக்கு ஒரு நல்ல உதாரணம் ஓவியர் ஆல்ஃப்ரெட் வியெரூஷ்-கொவால்ஸ்கி. 1849-இல் சுவாவ்கி ஊரில் பிறந்து, மியூனிக்கில் வாழ்ந்து, 1915-இல் இறந்தவர். பனிக்காட்டில் ஓநாய்கள், பாய்ந்தோடும் குதிரை வண்டிகள் என்று வரைந்தவர். பெயரின் முன்பாதியில் இருக்கும் வியெரூஷ் என்பது குலமுத்திரையின் பெயர். போலந்துப் பிரபுக்களிடம் ஒரு விசித்திரம்: ஒரே முத்திரையைச் சம்பந்தமே இல்லாத பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும், ஒரே குடும்பப் பெயரை வெவ்வேறு முத்திரைக்காரர்கள் வைத்திருப்பார்கள். எந்தக் கொவால்ஸ்கி என்று பிரித்துக் காட்ட முத்திரைப் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒன்றேகால் லட்சம் பேரும் பிரபு வம்சமாக இருக்க முடியாதே என்று நீங்கள் கேட்பது நியாயம். பழைய போலந்தில் பிரபுக்கள் மக்கள்தொகையில் 8 முதல் 10 சதவீதம் வரை இருந்தார்கள் என்பார்கள். மற்ற ஐரோப்பிய நாடுகளோடு பார்த்தால் இதுவே மிக அதிகம். பெரிய ஜமீன்தார் முதல், சொந்தமாக நாலு ஏக்கர்கூட இல்லாமல் வாளை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவர் வரை எல்லோரும் அதில் அடக்கம். இவர்கள் பெயர் ‘ஸ்கி’ என்று முடிந்ததால், ‘ஸ்கி’யே ஒரு கௌரவச் சின்னமாகிவிட்டது. அப்புறம் என்ன, மற்றவர்களும் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். நகரத்து வியாபாரி, கைவினைஞர், கடைசியில் குடியானவர். ஊர்ப் பெயரோடு சேர வேண்டிய விகுதியைத் தொழிற்பெயரோடும் ஆட்பெயரோடும் ஒட்டினார்கள். கொவால், கொவால்ஸ்கி ஆனது இப்படித்தான். இன்றைய கொவால்ஸ்கிகளில் பெரும்பங்கினர் இந்த வழியில் வந்தவர்கள் என்றே நினைக்கிறேன். இத்தனை பெரிய எண்ணிக்கைக்கு வேறு விளக்கம் பொருந்தவில்லை.

இதைப் பார்த்து வயிறு எரிந்தவர்களும் இருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வலேரியன் நெகண்டா ட்ரெப்கா என்ற பிரபு, பிரபு வேஷம் போடும் சாமானியர்களைப் பிடித்துக் கொடுப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். சந்தை, சத்திரம், நீதிமன்றம் என்று அலைந்து, ஊர் வம்பைக் காதில் வாங்கி, இன்னார் உண்மையில் கொல்லர் மகன், இன்னார் சத்திரக்காரர் மகன் என்று குறித்து வைத்தார். சுமார் 2,500 பெயர்கள் சேர்ந்தன. 1640-இல் அவர் இறந்தபோது அது கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. எழுதியவரின் நோக்கம் அற்பமானது. ஆனால் சாதாரண மனிதர்கள் எப்படிப் பெயர் மாற்றிக்கொண்டு மேலே ஏறினார்கள் என்பதற்கு அதைவிடச் சுவையான சாட்சி கிடைப்பது அரிது.

குடியானவர் வீடுகளில் பெயர் எப்படி மாறியது என்பதைப் பழைய தேவாலயப் பதிவேடுகளில் கண்ணாலேயே பார்க்கலாம். 16-ஆம் நூற்றாண்டில் கூடிய திரிதெந்து சங்கம் என்ற கத்தோலிக்கத் திருச்சபைப் பேரவைக்குப் பிறகு பங்குக் குருக்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் லத்தீனில் எழுதிவைக்க வேண்டியிருந்தது. அதில் பெயருக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு பட்டம் இருக்கும். குடியானவருக்கு ‘லபோரியோசுஸ்’, அதாவது உழைப்பாளி. சிற்றூர்க் கைவினைஞருக்கு ‘ஹொனெஸ்துஸ்’, நேர்மையானவர். நகரத்தில் செல்வாக்கான ஆளுக்கு ‘ஃபமாதுஸ்’, பேர்பெற்றவர். பிரபுவுக்கு ‘நோபிலிஸ்’ அல்லது ‘கெனெரோசுஸ்’. ஆளின் குணத்தைப் பார்த்து எழுதியது இல்லை, அந்தஸ்தைப் பார்த்து எழுதியது. வம்சாவளி தேடுபவர்கள் குடும்பப் பெயரைவிட இந்த ஒரு சொல்லைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ‘லபோரியோசுஸ்’ என்று போட்டிருந்தால், பெயர் எவ்வளவு ‘ஸ்கி’யாக இருந்தாலும் அவர் பிரபு அல்ல.

ஒரு பதிவேட்டைப் புரட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 1740-களில் ‘லபோரியோசுஸ் அதல்பெர்துஸ் கொவால்’ என்று ஒருவர் இருப்பார். அதல்பெர்துஸ் என்பது வொய்ச்சியெஹ் என்ற போலிஷ் பெயருக்கு லத்தீனில் போட்ட வேஷம். இது தெரியாமல் ஆளைத் தவறவிடுபவர்கள் பலர். ‘கொவால்’ என்பது இங்கே குடும்பப் பெயரா, தொழிலா? குருவுக்கே அந்தக் கவலை இருந்திருக்காது. இன்னொரு பக்கத்தில் அதே ஆளை ‘ஃபாபெர்’ என்று, கொல்லருக்கு உரிய லத்தீன் சொல்லாலேயே எழுதியிருப்பார். அவர் மகன் திருமணப் பதிவில் கொவால்ச்சிக் ஆகிறான்: கொல்லர் பையன். பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த புதிய குரு கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று கொவால்ஸ்கி என்று எழுதிவிடுவார். மூன்று தலைமுறை, மூன்று பெயர், ஒரே வீடு. இந்த மாதிரி வரிசை போலந்துப் பதிவேடுகளில் சர்வ சாதாரணம்.

பெயர் இப்படி ஆடிக்கொண்டிருந்தது நின்றது அரசாங்கங்கள் வந்த பிறகு. 1772, 1793, 1795 என்று மூன்று தவணையில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டன. வரி வாங்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் நிலையான பெயர் வேண்டும் அல்லவா? நெப்போலியன் உருவாக்கிய வார்சா சிற்றரசில் 1808 முதல் குடிமைப் பதிவேடு வந்தது. பண்ணையடிமை முறை பிரஷ்யாவில் 1807-இலும், ஆஸ்திரியப் பகுதியில் 1848-இலும், ரஷ்யப் பகுதியில் 1864-இலும் ஒழிக்கப்பட்டது. இந்த ஆண்டுகளில் எந்தப் பெயரில் தாளில் ஏறினார்களோ, அந்தப் பெயரிலேயே நின்றுவிட்டார்கள். அண்ணன் கொவால்ச்சிக்காகவும் தம்பி கொவால்ஸ்கியாகவும் உறைந்துபோன குடும்பங்களும் உண்டு. எனவே ஒரே பெயர் வைத்திருக்கும் இருவர் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. வேறு வேறு பெயர் வைத்திருப்பவர்கள் பங்காளிகளாகவும் இருக்கலாம்.

இப்போது சாதி பற்றி. போலந்தில் தொழில் வழியாக வந்த குடும்பப் பெயர், பிள்ளைகளை அந்தத் தொழிலில் கட்டிப்போடவில்லை; திருமண வட்டத்தையும் தீர்மானிக்கவில்லை. அங்கே சுவர் வேறு இடத்தில் இருந்தது: பிரபுவுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில். அந்தச் சுவர் நம்முடையதைவிட மெல்லியது என்று நான் சொல்ல வரவில்லை. பண்ணையடிமைக் குடியானவர் ஊரை விட்டுப் போகவே ஆண்டையின் அனுமதி வேண்டியிருந்தது. ஆனால் கொல்லர் குலம், தச்சர் குலம் என்ற பிரிவு அங்கே இல்லை.

இதற்கு ஓர் உதாரணம் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் வீடுகளிலேயே இருக்கிறது. நெஞ்சிலிருந்து சிவப்பும் வெளுப்புமாக இரண்டு ஒளிக்கதிர் வரும் இறை இரக்க இயேசு படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்தி முயற்சிக்குக் காரணமான புனித பவுஸ்தினா ஒரு கொவால்ஸ்கா. ஹெலெனா கொவால்ஸ்கா என்ற பெயரில் 1905-இல் நடுப் போலந்தின் க்வொகொவியெத்ஸ் கிராமத்தில் பிறந்தார். பவுஸ்தினா என்பது கன்னியர் மடத்தில் கிடைத்த பெயர். 1938-இல், 33 வயதில் கிராகோவில் இறந்தார். 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று இரண்டாம் ஜான் பால் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். பத்துப் பிள்ளைகள் இருந்த ஏழைக் குடியானவர் வீடு அது. அப்பா கொஞ்ச நிலத்தில் விவசாயம் பார்த்தார், மற்ற நேரத்தில் தச்சு வேலை. பெயர் கொவால்ஸ்கி, கையில் உளி!

பெண்பால் விஷயத்துக்கு வருவோம். ‘ஸ்கி’ என்பது பெயரடை என்று சொன்னேன். போலிஷில் பெயரடை எப்போதும் பாலுக்கு ஏற்ப மாறும். அதனால் குடும்பப் பெயரும் மாறுகிறது. ஆண் கொவால்ஸ்கி, பெண் கொவால்ஸ்கா, கணவனும் மனைவியுமாகச் சேர்த்துச் சொன்னால் கொவால்ஸ்ச்சி. அதோடு வேற்றுமை உருபுகளும் ஏறும்: கொவால்ஸ்கியினுடைய என்பதற்குக் கொவால்ஸ்கியெகோ, கொவால்ஸ்கிக்கு என்பதற்குக் கொவால்ஸ்கியெமு. கடிதத்தில் இப்படிப் பார்த்தால் வேறு ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். நொவாக் போன்ற பெயர்கள் பெயரடை அல்ல. ஆகவே இன்று ஆணும் நொவாக், பெண்ணும் நொவாக். முன்பெல்லாம் அதற்கும் வழி வைத்திருந்தார்கள்: நொவாக்கின் மனைவி நொவாகொவா, கல்யாணமாகாத மகள் நொவாகுவ்னா. பெண்ணின் பெயரைக் கேட்டதும் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று தெரிந்துவிடும். அந்த வழக்கம் இன்று கிட்டத்தட்டப் போய்விட்டது; போனது நல்லதுதான். கொவால்ஸ்கா என்ற பெயரில் அந்தச் சிக்கலே இல்லை, மகளும் மனைவியும் ஒன்றுதான்.

வெளிநாடு போனால் இந்த ஒழுங்கு குலையும். அமெரிக்காவில் பெண்ணும் கொவால்ஸ்கி என்றே இருப்பார். அப்பாவின் பெயரை அப்படியே பிள்ளைக்கு எழுதுவது அங்கே வழக்கம். எனவே ‘மேரி கொவால்ஸ்கி’ என்று ஒரு பெண்ணைப் பார்த்தால், அநேகமாக அவர் போலந்தில் பிறந்தவர் இல்லை. கணினித் துறையில் தர்க்க நிரலாக்கம் என்ற பிரிவுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ராபர்ட் கொவால்ஸ்கியும் 1941-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். புரோலாக் என்ற கணினி மொழி படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். கப்பலில் வந்தவர்களைச் சோதித்து அமெரிக்காவுக்குள் விட்ட நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள் வாயில் நுழையாத பெயர்களை இஷ்டத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. நம்பாதீர்கள். அவர்கள் கையில் இருந்தது கப்பல் நிறுவனம் கொண்டுவந்த பயணிகள் பட்டியல். அதைச் சரிபார்ப்பதுதான் அவர்கள் வேலை. ஸ்மித் என்று மாறிய கொவால்ஸ்கிகள் பின்னால் தாங்களாகவே மாற்றிக்கொண்டவர்கள்.

ஜெர்மனியின் ரூர் பகுதியிலும் ‘ஸ்கி’ பெயர்கள் ஏராளம். 1870-களிலிருந்து முதல் உலகப்போர் வரை, பிரஷ்யாவின் கிழக்குப் பகுதிகளிலிருந்து நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போன குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். லித்துவேனியாவின் கதை வேறு. அந்நாட்டு எழுத்து வரிசையில் போலிஷ்காரர்கள் ‘வ’ ஒலிக்குப் போடும் டபிள்யூ எழுத்து கிடையாது. அங்கே வாழும் போலிஷ் மக்களின் பெயரை அடையாள அட்டையில் ‘வி’ போட்டு எழுதினார்கள். ஓர் எழுத்துக்காகப் பல ஆண்டுகள் வழக்கும் வாக்குவாதமும் நடந்து, 2022-இல்தான் டபிள்யூவை அனுமதிக்கும் சட்டம் வந்தது.

யூதர்களிடையேயும் இந்தப் பெயர் உண்டு. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியிலும் கொல்லருக்குக் கொவால் என்ற சொல் புழங்கியது. ஆஸ்திரியா 1787-இலும், ரஷ்யாவின் ஆளுகையில் இருந்த போலந்து 1821-இலும் யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டன. நாஜி ஆக்கிரமிப்பின்போது போலி ஆவணங்களில் போலிஷ் பெயரோடு ஒளிந்து உயிர் தப்பியவர்களில் சிலர், போர் முடிந்த பின்பும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் தனியாகத் தெரியாத பெயர் என்பதே அப்போது அதன் மதிப்பு.

அந்தப் ‘பொதுப் பெயர்’ தன்மைதான் யான் கொவால்ஸ்கியை உருவாக்கியது. போலந்தில் வங்கிப் படிவத்தின் மாதிரி, அடையாள அட்டையின் மாதிரி, சட்ட வகுப்பின் கற்பனை வழக்கு எதுவாக இருந்தாலும் அதில் யான் கொவால்ஸ்கியோ அன்னா கொவால்ஸ்காவோ வந்து உட்கார்ந்துவிடுவார்கள். விலைவாசி பற்றிப் பேசும் நிபுணர், ‘சராசரிக் கொவால்ஸ்கிக்கு இது கட்டுப்படியாகுமா?’ என்று கேட்பார். எண்ணிக்கையில் முதலிடம் நொவாக்குக்கு. ஆனாலும் மாதிரி மனிதர் கொவால்ஸ்கி. நொவாக் செக் நாட்டிலும் ஸ்லொவேனியாவிலும் இதே அளவு சாதாரணம். ‘ஸ்கி’ போட்டால்தான் போலிஷ் வாசனை வருகிறது. அதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

இதே வேரில் வந்த மற்ற பெயர்களையும் நீங்கள் சந்திக்கலாம். கொவால்ச்சிக் பற்றிச் சொல்லிவிட்டேன்; கொல்லரின் மகன் அல்லது பட்டறையில் வேலை பழகும் பையன். 2010, 2014 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் தங்கம் வென்ற யுஸ்தினா கொவால்ச்சிக் பெயர் அதுதான்; ‘ஸ்கி’ இல்லாததால் பெண்ணுக்கும் மாறவில்லை பாருங்கள். கொவாலெவ்ஸ்கி என்பது கொவாலெவோ, கொவாலெவ் என்ற ஊர்களிலிருந்து வருவது, அதில் குழப்பம் குறைவு. கொவாலிக் என்பது சின்னக் கொல்லர். ஆனால் மரத்தில் தலைகீழாக இறங்கி, பட்டையைக் கொத்தும் ஒரு சிறு பறவைக்கும் போலிஷில் கொவாலிக் என்றுதான் பெயர். பறவைப் பெயர்களைக் குடும்பப் பெயராக வைப்பது அங்கே சகஜம்: வ்ரூபெல் என்றால் சிட்டுக்குருவி, தூதெக் என்றால் கொண்டலாத்தி. ஆகவே ஒரு கொவாலிக்கின் மூதாதை கொல்லரும் இல்லாமல், கொவாலேக்காரரும் இல்லாமல், அந்தப் பறவைபோலச் சுறுசுறுப்பான ஓர் ஆளாகவும் இருந்திருக்கலாம்.

உங்கள் நண்பருக்குத் தன் குடும்பம் இதில் எந்த வகை என்று அறிய ஆசை இருந்தால், பெயரை ஆராய்வதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தாத்தா பாட்டி பிறந்த கிராமம், அதன் பங்குத் தேவாலயம், தோராயமான ஆண்டு, இந்த மூன்றும்தான் வேண்டும். போலந்து அரசு ஆவணக் காப்பகங்கள் ஏராளமான பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. போலந்து வம்சாவளிச் சங்கத்தின் தன்னார்வலர்கள் தொகுத்த கெனெடெகா என்ற அட்டவணையில் பெயரும் ஊரும் போட்டுத் தேடலாம். எந்த வல்லரசின் பங்கில் அந்த ஊர் இருந்தது என்பதைப் பொறுத்து மொழி மாறும். ஆஸ்திரியப் பகுதியில் கட்டம் போட்ட லத்தீன், பிரஷ்யப் பகுதியில் லத்தீனும் ஜெர்மனும். ரஷ்யப் பகுதியில் 1868 வரை போலிஷ், பிறகு முதல் உலகப்போர் வரை ரஷ்யன். அந்த ஆண்டுகளில் கொவால்ஸ்கியை ரஷ்ய எழுத்தில்தான் தேட வேண்டும். ‘கொவாலே’ என்று மட்டும் பதில் வந்தால், எந்த மாவட்டத்துக் கொவாலே என்றும் மறக்காமல் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.